இழுவட வான்குடை

இழுவட வான்குடை என்பது, மிதவை வானூர்திகளைத் தரையிலிருந்து வானில் ஏற்றுவதற்குப் பயன்படும் இழுவடத்தின் நுனிக்கு அருகில் பொருத்தப்படும் சிறிய வான்குடை ஆகும். வானூர்தி உரிய உயரத்தை அடைந்து வடத்தை விடுவித்ததும் இவ்வான்குடை விரிகின்றது. இதனால் வடம் கட்டுப்பாடின்றி வீழ்ந்து சிக்குண்டு போகாமல், இறுக்கம் குறையாது இழுபொறியின் உருளையில் சுற்றப்படுகின்றது. மனிதரையோ பொருட்களையோ இறக்குவதற்கான வான்குடைகள் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் பின் கவனமாக மடித்து வைக்கப்படுகின்றன. இழுவட வான்குடைக்கு அத்தகைய ஓய்வு கிடையாது. பறப்பு நிகழும் நாளொன்றில் இது பல பத்துத் தடவைகள் விரிந்து, ஒவ்வொரு தடவையும் தரையில் வீழ்ந்து, ஊர்தி ஒன்றின் பின்னால் களத்தின் முழு நீளத்துக்கும் இழுபட்டுச் செல்கின்றது. ஆகவே நீடித்து உழைக்கக்கூடிய வான்குடையைத் தெரிவு செய்வது மிதவை வானூர்திக் கழகங்களுக்குச் செலவு தொடர்பான ஒரு சிக்கல் ஆகும். இதே பொருள் வானோடியின் மூக்குக்கு நேரே சில மீட்டர் தூரத்தில் பயணம் செய்வதால் அது உயிர் தொடர்பான சிக்கலும் ஆகின்றது.

பின்னணி

செருமனியின் ரோன் மலைப்பகுதியில் உள்ள வாசர்குப்பே குன்றில் 1920 ஆம் ஆண்டு தொடங்கிய போட்டிகளின் காலத்தில், மிதவை வானூர்திகள் மலைச்சரிவிலிருந்து இரப்பர்க் கயிற்றை ஆட்கள் இழுத்து எய்வதன் மூலமே ஏவப்பட்டன. சமதரையிலிருந்தும் பறக்கவேண்டும் என்ற தேவை எழுந்தபோது, வின்ச்சு எனப்படும் இழுபொறியால் ஏவும் முறை உருவாகி 1930களில் பரவலானது. இன்று செருமனி, பிரித்தானியா முதலிய நாடுகளின் கழகங்களில் இது மிகச் செலவு குறைந்த ஏவுமுறைகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

இம்முறையில், களத்தின் ஒரு முனையில் இழுபொறியும் மறுமுனையில் வானூர்தியும் இருக்கும். இடையே உள்ள தூரம் பொதுவாக 1000 மீட்டர் அல்லது அதனினும் கூடியது. இழுபொறியின் உருளை வடத்தைச் சுற்றத் தொடங்கியதும் வானூர்தி சில நொடிகளில் பறக்கும் வேகத்தை அடைந்து, பின்னர் பட்டம் போல் செங்குத்தாக மேலேறுகின்றது. ஏற்றம் முழுவதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும். அமைதியான காற்றில், கிடைக்கும் உயரம் வடத்தின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை இருக்கும். உச்சியில் வானோடி மஞ்சள் நிறக் கைப்பிடியை இழுத்து வடத்தை விடுவிக்கின்றார். வானூர்தியின் வயிற்றுப் பகுதியில் உள்ள கொக்கி, வடம் பின்னோக்கிச் சாயும்போது தானாகவே விடுவிக்கும் வகையிலும் அமைக்கப்பட்டிருக்கும்.

விடுவிக்கப்பட்ட கணத்தில் சில நூறு மீட்டர் நீளமான வடம் வானில் தொங்குகின்றது. வான்குடை இல்லாவிடில் அது வளைவுகளாகச் சரிந்து விழும். எஃகு வடமாயின் அவ்வளைவுகள் இறுகி நிரந்தர மடிப்புகள் உண்டாகும். அடுத்த ஏவலில் வடம் அறுவது பெரும்பாலும் அத்தகைய மடிப்புகளிலேயே ஆகும்.

வடத் தொகுதியில் வான்குடையின் இடம்

இழுபொறியின் பக்கத்திலிருந்து பார்த்தால் முதலில் முதன்மை வடம் அமைகின்றது. அடுத்து வடத்தின் முறுக்கம் வான்குடைக்குக் கடத்தப்படாமல் தடுக்கும் சுழலி. அதையடுத்து வான்குடை. பின்னர் பல மீட்டர் நீளமான முன்வடம், முறி இணைப்பு, இறுதியாக வானூர்தியின் கொக்கியில் மாட்டப்படும் இரட்டை வளையம் என்பன வருகின்றன.

முறி இணைப்பு என்பது, குறித்த அளவுக்கு மேற்பட்ட விசை வரும்போது வேண்டுமென்றே முறியும்படி அமைக்கப்பட்ட உலோகத் துண்டு ஆகும். மியூனிக்கைச் சேர்ந்த டோஸ்ட் நிறுவனத்தின் முறி இணைப்புக்கள் நிறத்தால் வேறுபடுத்தப்படுகின்றன. கறுப்பு 1000, பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500 டெக்காநியூட்டன் என அவை அமைந்துள்ளன. இவற்றிலும் குறைந்த வலுவுடைய மஞ்சள், பச்சை இணைப்புக்களும் உண்டு. எந்த வானூர்திக்கு எந்த நிறம் என்பது அதன் பறப்புக் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

முறி இணைப்பு, வான்குடைக்கும் வானூர்திக்கும் இடையில் இருப்பது தற்செயலானதன்று. இணைப்பு முறியும்போது வான்குடை வடத்துடனேயே தங்கி விரிந்து வடத்தைக் காக்கின்றது. வானூர்தியுடன் எஞ்சுவது வளையமும் சிறு துண்டும் மட்டுமே. மாறாக, வான்குடைக்கும் இழுபொறிக்கும் இடையில் வடம் அறுமாயின், வான்குடையும் அறுந்த வடமும் வானூர்தியில் தொங்கிக்கொண்டிருக்கும். இதனால்தான் வானோடிகள், மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்டபின் கைப்பிடியை ஒரு முறைக்கு இருமுறை இழுக்குமாறு பயிற்றுவிக்கப்படுகின்றனர்.

தொழிற்பாடு

வான்குடையின் உச்சி வானூர்தியை நோக்கியும், வாய் இழுபொறியை நோக்கியும் இருக்கும். ஏவலின்போது இரு முனைகளிலும் செயற்படும் இழுவிசை வான்குடையை நீளவாட்டில் இறுக்கி, மூடிய குடை போல் வைத்திருக்கின்றது. அவ்விசையை விதானத் துணி தாங்குவதில்லை. உச்சியிலிருந்து தொங்கு கயிறுகள் வரை தொடர்ச்சியாகத் தைக்கப்பட்ட பட்டிகள், அல்லது நடுவே செல்லும் கயிறு அதைத் தாங்குகின்றது. வானூர்தி வடத்தை விடுவித்ததும் உச்சிப் பக்கத்து விசை மறைகின்றது. இழுபொறி வடத்தைத் தொடர்ந்து இழுப்பதால் வாய் வழியே காற்று புகுந்து விதானம் விரிகின்றது. உச்சியில் விடப்படும் சிறு துளை ஒரு பகுதிக் காற்றை வெளியேற்றி, குடை பக்கவாட்டில் ஊசலாடுவதைக் குறைக்கின்றது.

விரிந்த குடை இரண்டு வேலைகளைச் செய்கின்றது. ஒன்று, வடம் விழும் வேகத்தைக் குறைத்தல். மற்றது, வடத்தில் இறுக்கத்தை நிலைநிறுத்துதல். இரண்டாவது பொதுவாகக் கவனிக்கப்படாத ஒன்று. உருளையில் தளர்வாகச் சுற்றப்பட்ட வடத்தின் மேற்சுற்றுகள் அடுத்த ஏவலில் கீழ்ச்சுற்றுகளுக்கிடையே புதைந்து சிக்கிக்கொள்ளும். எனவே வான்குடை மிகச் சிறியதாயின் அதன் விளைவு வானில் அன்றி உருளையில்தான் முதலில் தெரியும்.

அளவும் விசையும்

வான்குடையின் காற்றுத்தடை அதன் பரப்பளவுக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடுகின்றது. எடுத்துக்காட்டாக, விரிந்த நிலையில் 1.5 மீட்டர் விட்டமும் 0.8 தடைக் கெழுவும் கொண்ட குடை ஒன்றைக் கொள்ளலாம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் எனின், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் இழுக்கப்படும்போது அதன் மீது ஏறத்தாழ 340 நியூட்டன் விசை செயற்படும். வேகம் நொடிக்கு 30 மீட்டர் ஆகும்போது அது ஏறத்தாழ 765 நியூட்டனாகின்றது. வேகம் ஒன்றரை மடங்கு கூடியதற்குச் சுமை இருமடங்குக்கும் மேலாகிவிட்டது.

இத்தொகையைக் கறுப்பு முறி இணைப்பின் 1000 டெக்காநியூட்டனுடன், அதாவது 10,000 நியூட்டனுடன் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சீராக இழுக்கப்படும் விரிந்த விதானம் தாங்கவேண்டிய சுமை, ஏவலின்போது பட்டிகள் தாங்கவேண்டிய சுமையில் பத்தில் ஒரு பங்கைக் கூட எட்டுவதில்லை. ஆகவே தடித்த துணி கொண்ட குடையே நீடித்து உழைக்கும் என்ற எண்ணம் அரைகுறையானது. பட்டிகளும், அவை வளையங்களுடன் இணையும் தையல்களும், அக்கழகம் பயன்படுத்தும் மிக வலுவான முறி இணைப்பைக் காட்டிலும் தெளிவான மிகை வலுவைக் கொண்டிருக்கவேண்டும். தேய்ந்த பின்னரும் அம்மிகை எஞ்சியிருக்கவேண்டும். இல்லையேல் வான்குடையே முறி இணைப்பாக மாறிவிடும்.

விதானத்தைக் கிழிப்பது சீரான சுமையன்று, விரியும் கணத்தின் அதிர்ச்சியே. வடம் முழு இறுக்கத்தில் இருக்கும்போது விடுவிக்கப்பட்டால், நீட்சியுற்றிருந்த வடம் சுருங்கி வான்குடையைத் திடீரெனப் பின்னோக்கி இழுக்கும். ஏற்றத்தின் முடிவில் இழுபொறி இயக்குநர் விசையைப் படிப்படியாகக் குறைத்து, வானோடி அதற்கேற்ப வடத்தை விடுவித்தால் அதிர்ச்சி பெருமளவு குறையும். ஒரே வகை வான்குடை ஒரு களத்தில் நீண்ட காலமும் மற்றொன்றில் குறுகிய காலமும் உழைப்பதற்கு இயக்குநரின் கைப்பழக்கமும் ஒரு காரணமாகும்.

எஃகு வடமும் செயற்கையிழை வடமும்

நீண்ட காலமாக எஃகு வடமே பயன்பாட்டில் இருந்தது. 2000களில், டைனீமா என்னும் வணிகப் பெயரால் அறியப்படும் மிகையுயர் மூலக்கூற்று எடைப் பாலியெத்திலீன் இழையாலான வடங்கள் கழகங்களில் பரவின. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வடம் 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 90 முதல் 100 கிலோகிராம் எடையுள்ளது. அதே விட்டமுள்ள செயற்கையிழை வடம் ஏறத்தாழ 15 கிலோகிராமே எடையுள்ளது.

இவ்வேறுபாடு வான்குடைத் தெரிவை நேரடியாகப் பாதிக்கின்றது. 400 மீட்டர் உயரத்தில் வடம் விடுவிக்கப்படுவதாகவும், வான்குடையும் முன்வடமும் சேர்ந்து 5 கிலோகிராம் எடையுள்ளன எனவும் கொண்டால், குடையின் கீழ்த் தொங்கும் மொத்த எடை எஃகு வடத்தில் ஏறத்தாழ 43 கிலோகிராமும் செயற்கையிழை வடத்தில் ஏறத்தாழ 11 கிலோகிராமும் ஆகும். இழுபொறி இழுக்காதிருப்பின், மேற்சொன்ன 1.5 மீட்டர் குடை முதல் வகையில் நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் வேகத்திலும் இரண்டாம் வகையில் ஏறத்தாழ 11 மீட்டர் வேகத்திலும் இறங்கத் தொடங்கும். வடம் தரையைத் தொடத் தொடங்கியதும் இவ்வேகங்கள் மேலும் குறையும்.

மெதுவாக இறங்குவது நல்லது போல் தோன்றினும், குறுக்குக் காற்றில் அதுவே தீமையாகின்றது. வானில் இருமடங்கு நேரம் நிற்கும் குடை இருமடங்கு தூரம் பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படும். களத்தின் எல்லைக்கு அப்பால் சாலையோ மின்கம்பிகளோ உள்ள இடங்களில் இது பாரதூரமான விளைவுகளைத் தரக்கூடியது. ஆகவே எஃகு வடத்துக்கு வாங்கப்பட்ட பெரிய குடையை, வடத்தை மாற்றிய பின்னரும் அப்படியே பயன்படுத்துவது பொருத்தமன்று. இலேசான வடத்துக்குச் சிறிய, இலேசான குடை போதுமானது. குடையின் எடை குறைவது அது தரையில் மோதும் விசையையும் குறைக்கின்றது.

தேய்மானத்துக்கான காரணங்கள்

வான்குடையை அழிப்பவற்றுள் முதலிடம் பெறுவது தரை ஆகும். இழுபொறியின் அருகே விழுந்த குடையை ஊர்தி ஒன்று வளையத்தின் பக்கமாகப் பிடித்து ஏவுமிடத்துக்கு இழுத்துச் செல்லும். உச்சி முன்னால் செல்வதால் குடை விரிவதில்லை. ஆயினும் அதன் ஒரு பக்கம் ஒரு கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தூரம் தரையில் உராய்கின்றது. புற்றரையில் இதனால் ஏற்படும் கேடு சிறிது. பழைய வான்படைத் தளங்களின் கான்கிரீட் ஓடுபாதைகளிலும், சரளைக் கற்கள் நிறைந்த களங்களிலும் அது மிகுதி. வேகமாக இழுக்கும்போது உராய்வு வெப்பத்தால் செயற்கையிழைகளின் மேற்பரப்பு உருகிக் கெட்டியாவதும் உண்டு. தொட்டுப் பார்க்கையில் கண்ணாடி போல் வழவழப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும் பட்டி வலுவிழந்த பட்டியாகும்.

அடுத்தது, காற்றில் படபடத்தல். ஏவலின்போது மூடிய விதானத்தின் தளர்ந்த விளிம்புகள், மணிக்கு 100 கிலோமீட்டர் அளவிலான காற்றோட்டத்தில் இடைவிடாது அடித்துக்கொள்கின்றன. விளிம்புத் தையல்கள் முதலில் பிரிவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, சூரிய ஒளி. புற ஊதாக் கதிர்கள் நைலான் இழைகளைக் காலப்போக்கில் நொறுங்கச் செய்கின்றன. நிறம் வெளிறுவதை இதன் முன்னறிகுறியாகக் கொள்ளலாம். ஈரமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஈரமான நைலான் சற்று வலுவிழப்பதுடன், நனைந்து சேறு படிந்த குடை எடை கூடித் தாமதமாக விரியும்.

நான்காவதாக இழுபொறியின் வழிகாட்டு உருளைகளைக் குறிப்பிடலாம். இயக்குநர் உரிய நேரத்தில் நிறுத்தத் தவறினால் சுழலியும் குடையும் உருளைகளுக்குள் இழுக்கப்படும். ஓராண்டுத் தேய்மானத்தைக் காட்டிலும் கூடிய சேதம் அப்போது ஒரே நொடியில் உண்டாகிவிடும்.

பாதுகாப்பு

ஏவலின் இடையில் இழுபொறியின் விசை திடீரெனக் குறைந்தால், வானூர்தி தன் உந்தத்தால் முன்னேற, வடம் தளர்கின்றது. அப்போது வான்குடையின் இருபுற இறுக்கமும் மறைவதால் அது வானூர்திக்கு முன்னாலேயே விரியக்கூடும். விரிந்த குடை இறக்கையிலோ வால்பகுதியிலோ சுற்றிக்கொள்ளுமாயின் கட்டுப்பாட்டுப் பரப்புகள் இயங்காமல் போகலாம். தாழ்ந்த உயரத்தில் இதிலிருந்து மீள்வதற்கு நேரம் கிடையாது. தளர்ந்த வடம் மீண்டும் திடீரென இறுகுவதும் ஆபத்தானது. குடைக்கும் வானூர்திக்கும் இடையே பல மீட்டர் நீளமான முன்வடம் இருப்பதன் நோக்கம் இந்த இடைவெளியைத் தருவதே. முன்வடம் வானூர்தியின் சில்லிலோ சறுக்குக்கட்டையிலோ வளையமாகச் சுற்றிக்கொள்ளாதிருக்க, அதன் வானூர்திப் பக்கப் பகுதி தடித்த குழாயுறையிட்டு விறைப்பாக்கப்படுகின்றது. தேய்ந்த முன்வடத்தை வெட்டிக் குறுக்கி மீண்டும் பயன்படுத்துவது சிக்கனம் போல் தோன்றினாலும், வெட்டப்படும் ஒவ்வொரு மீட்டரும் இந்த இடைவெளியிலிருந்தே கழிகின்றது.

இக்காரணத்தால், உறுதிக்காகப் பெரிய கனமான குடையைத் தெரிவு செய்வதில் ஓர் எல்லை உண்டு. பெரிய விதானம் தளர்ந்த கணத்தில் கூடிய இடத்தை அடைத்துக்கொள்ளும். விறைப்பான தார்ப்பாய் போன்ற துணி உராய்வைத் தாங்கினாலும், இறுக்கத்தின் கீழ் முழுமையாக மூடாமல் ஓரளவு காற்றைப் பிடித்தபடியே மேலேறும். இது ஏற்ற உயரத்தையும் சற்றுக் குறைக்கும்.

பிரித்தானிய மிதவை வானூர்திச் சங்கம் 2005 அக்டோபரில் இழுபொறி ஏவல் பாதுகாப்புக்கான சிறப்பு முயற்சி ஒன்றைத் தொடங்கியது. அது வானோடிகளின் பயிற்சியை, குறிப்பாக இறக்கை தரையில் தட்டுதல், ஏற்றத்தில் வேகமிழத்தல், தடைப்பட்ட ஏவலின் பின் மீள்தல் ஆகியவற்றை முதன்மைப்படுத்தியது. அதன் பின்னர் அந்நாட்டில் இழுபொறி ஏவலின்போது ஏற்படும் உயிரிழப்புகளும் கடுங்காயங்களும் பெரிதும் குறைந்தன. கருவிகளின் தரம் இதற்கு மாற்றாகாது. எனினும் தேய்ந்த வடத் தொகுதி ஏவல் தடைப்படும் நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றது என்பதால் இரண்டும் தொடர்புடையவையே.

பொருட்கள்

விதானத்துக்குப் பொதுவாக நைலான் துணி பயன்படுகின்றது. நைலான் எளிதில் நீள்வதால் விரியும் அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ளும். கிழிசல் பரவாதவாறு இடையிடையே தடித்த இழைகள் கோர்த்துக் கட்டம் கட்டமாக நெய்யப்பட்ட துணி விரும்பப்படுகின்றது. பாலியெஸ்டர் குறைவாக நீள்வதுடன் நீரை உறிஞ்சுவதும் குறைவு. வெயிலை நைலானை விடக் கூடுதலாகத் தாங்கும். எனவே சுமை தாங்கும் பட்டிகளுக்கும் தையல் நூலுக்கும் அது பொருத்தமானது. பாலியெத்திலீன் இழை வலுவில் மிகுந்ததாயினும் ஏறத்தாழ 145 முதல் 150 பாகை செல்சியசில் உருகிவிடும். நைலானும் பாலியெஸ்டரும் 200 பாகையைக் கடந்த பின்னரே உருகுகின்றன. தரையில் உராயும் பகுதிகளில் இவ்வேறுபாடு முக்கியமானது. விதானத்துக்குச் செம்மஞ்சள், சிவப்பு போன்ற எடுப்பான நிறங்கள் தெரிவு செய்யப்படுவது, இயக்குநரும் அருகில் பறப்போரும் குடையை எளிதில் காண்பதற்காகும்.

தெரிவு

வான்குடையைத் தெரிவு செய்யும்போது முதலில் தீர்மானிக்கப்படவேண்டியது வடத்தின் வகையும், வடம் சுற்றப்படும் வேகமும் ஆகும். அளவு இவற்றிலிருந்து பெறப்படும். அதன் பின்னரே துணி பற்றிய கேள்வி எழுகின்றது. கான்கிரீட் ஓடுபாதையில் இயங்கும் கழகம், உச்சிப் பகுதியிலும் விளிம்பிலும் உராய்வு உறை தைக்கப்பட்ட குடையை நாடுவது நல்லது. முழு விதானத்தையும் தடித்த துணியால் ஆக்குவதை விட இது பயனுள்ளது. புற்றரைக் களத்துக்கு இலேசான குடையே போதும்.

விலை கூடிய குடைக்கும் குறைந்ததற்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் பழுதுபார்க்கக்கூடிய தன்மையிலேயே உள்ளது. தொங்கு கயிறுகளைத் தனித்தனியே கழற்றி மாற்றக்கூடிய குடை, ஒரு கயிறு அறுந்ததற்காக வீசப்படவேண்டியதில்லை. வளையங்கள் பட்டியில் பதியும் இடத்தில் உலோகக் கண்ணி இருப்பின் பட்டி வெட்டுப்படுவது குறையும். சில கழகங்கள் தங்கள் குடைகளைத் தாங்களே தைத்துக்கொள்வதும் உண்டு. விதானத்தைப் பொறுத்தவரை இதில் பெரிய இடர் இல்லை. சுமை தாங்கும் பட்டிகளின் தையல் வேறு வகையானது. அதற்குரிய தையற் பொறியும் இழுவைச் சோதனையும் இன்றி அதைச் செய்யக்கூடாது.

பராமரிப்பு

ஒவ்வொரு பறப்பு நாளும் தொடங்குமுன் உச்சி வளையம், பட்டித் தையல்கள், தொங்கு கயிறுகள், சுழலி ஆகியவை பார்வையிடப்படுகின்றன. சுழலி மணல் புகுந்து இறுகியிருந்தால் தொங்கு கயிறுகள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய குடை அரைகுறையாகவே விரியும் அல்லது விரியாது. குடை விரியாமல் வடம் விழுவதைக் காணும் இயக்குநர் அதன் காரணத்தை முதலில் இங்கேயே தேடுவார். அறுந்த தொங்கு கயிற்றை முடிச்சிட்டு இணைப்பது தற்காலிகமான வழி மட்டுமே. குறுகிப்போன அக்கயிறு சுமையைத் தான் மட்டும் தாங்குவதால் விதானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அருகிலுள்ள தையல்கள் விரைவில் பிரியும்.

களத்தின் திரும்புமிடங்களில் ஊர்தியின் வேகத்தைக் குறைத்தல், இயலுமான இடங்களில் குடையைத் தரையில் விடாது ஊர்தியின் மீது ஏற்றிச் செல்லுதல், பறப்பு முடிந்ததும் நனைந்த குடையை உலர்த்தி நிழலில் வைத்தல் ஆகியவை வழக்கமான நடைமுறைகள். இரண்டு அல்லது கூடிய உருளைகள் கொண்ட இழுபொறிகளில் ஒவ்வொரு வடத்துக்கும் ஒரு குடை தேவைப்படுவதால், கழகங்கள் உதிரியாக ஒன்றை வைத்துக்கொண்டு, பழுதான குடையை அன்றே தைக்க முற்படாமல் மாற்றிவிடுகின்றன. விதானத்தில் ஏற்படும் சிறு துளைகளை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தலாம். பட்டியில் வெட்டோ உருகிய தடமோ காணப்படும் குடை சேவையிலிருந்து நீக்கப்படுகின்றது.